பாலாற்றில் ஒரு பரிசல் பயணம்

கருநாடக மாநிலத்தின் கோலார் மாவட்டத்தில், தங்கவயலுக்கு அருகே, பேத்தமங்களா என்னும் சிற்றூர் உள்ளது. ஊரை அடுத்துப் பெரிய ஏரி ஒன்று விரிந்து கிடக்கிறது. நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு இவ்வேரிக்குள் நுழைகிறது. ஏரி நிறைந்தால் ஆறு வெளியேறுகிறது. நிறையாவிட்டால் இங்கேயே தங்கிவிடுகிறது. பெரும்பாலான ஆண்டுகளில் நிகழ்வது பின்னதே.

2021ஆம் ஆண்டு நவம்பரில் முன்னது நிகழ்ந்தது. விடாமல் பெய்த மழையில் ஏரி நிறைந்து கோடி போயிற்று. ஏரி நிறைந்து வழியும் இடத்தைக் கன்னடத்தார் 'கோடி' என்கின்றனர். வட ஆர்க்காட்டுத் தமிழரும் 'ஏரி கோடி போகிறது' என்றே சொல்கின்றனர். பாலாற்றைப் பற்றி மாநிலங்களுக்கிடையே வழக்கு உண்டு; இந்தச் சொல்லைப் பற்றி எவ்வழக்கும் இல்லை.

அடுத்த ஆண்டு பொங்கல் முடிந்த சில நாள்களில், முதியவர் ஒருவர் ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பேருந்தில் வந்து பேத்தமங்களாவில் இறங்கினார். அவருக்கு வயது எழுபத்தொன்று. தங்கச் சுரங்கத்தில் 30 ஆண்டுகள் உழைத்தவர். பேருந்து நிறுத்தத்தில் அவருக்காகக் காத்திருந்தவர், ஏரிக்கரை நீரேற்று நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். இரண்டு வயது இளையவர். முன்னவரைப் பெரியவர் என்றும் பின்னவரை நண்பர் என்றும் இங்குக் குறிப்பிடலாம்.

நண்பரின் தாய்மொழி கன்னடம். ஆயினும், சிறுவயதில் நாள்தோறும் மிதிவண்டியில் ராபர்ட்சன்பேட்டைப் பள்ளிக்குச் சென்று தமிழ்ப் பிள்ளைகளுடன் பழகியதால், தமிழைத் தயக்கமின்றிப் பேசுவார். பெரியவரை 'அண்ணா' என்று அழைப்பார். அச்சொல்லை மொழிபெயர்க்கவேண்டிய தேவை எழுந்ததில்லை. கன்னடத்திலும் அது அண்ணாதான்.

பள்ளிக்காலத்தில் நண்பர் தம் புத்தகப் பையில் ஏரியின் அல்லிக்கிழங்கையும் சில நாள்களில் அவித்த பனங்கிழங்கையும் கொண்டுவருவார். கூடவே ஒரு வாக்கையும் கொண்டுவருவார். "ஒருநாள் உங்களைப் பரிசலில் ஏற்றி ஏரி முழுவதும் சுற்றிக் காட்டுகிறேன், அண்ணா." அந்த ஒருநாள் வருவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரியவருக்கு நீந்தத் தெரியாது. இளமையில் தாய் விடவில்லை. பிறகு வேலை விடவில்லை. வேலை போன பின்பு ஏரியில் நீர் இல்லை.

"இப்போது மூன்றும் இல்லை என்று சொல்லமுடியாது. ஏறுங்கள்" என்றார் நண்பர்.

கரையில் பரிசல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, மேலே தார்பூசிய தாளை இழுத்துக் கட்டிய பெரிய வட்டக் கூடை அது. மீன்பிடிக்கும் இளைஞர் ஒருவர் அதை நிமிர்த்தி நீரில் இட்டார். உள்ளே சாக்கு ஒன்றை விரித்தார். நண்பர் எங்கிருந்தோ இரவல் வாங்கிவந்த மிதவைச் சட்டைகளை இருவரும் அணிந்துகொண்டனர். அதில் அவர் கண்டிப்பானவர். 'நீந்தத் தெரிந்தவன்தான் முதலில் மூழ்குவான்' என்பது அவர் அடிக்கடி சொல்வது.

பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. துடுப்பைத் தவறாகப் போட்டால் அது முன்னே செல்லாமல் தன்னைத்தானே சுற்றும். இளைஞர் துடுப்பை முன்புறமாக இட்டுத் தம்மை நோக்கி வாங்கினார். பரிசல் மெல்ல நகர்ந்தது. பெரியவர் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"அண்ணா, மூவாயிரம் மீட்டர் ஆழத்திற்குக் கூண்டில் இறங்கிய ஆள் நீங்கள்."

"அந்தக் கூண்டில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது" என்றார் பெரியவர்.

அவர் மிகைப்படுத்தவில்லை. கோலார் தங்கவயலின் சாம்பியன் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று. ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம்வரை அது தோண்டப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். குளிர்ந்த காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் மனிதர் அங்கு நிற்கமுடியும். அத்தகைய இடத்தில் தாகம் எத்தகையது என்பதை மேலே இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. பெரியவரின் பேச்சில் தங்கம் அரிதாகவே வரும். தண்ணீர் அடிக்கடி வரும்.

1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தங்கவயலில் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது, அங்குப் பாறையும் முட்புதரும் மிகுந்திருந்தன. வேலைக்கு ஆட்கள் வந்தனர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து தகரக் கூரையிட்ட லைன் வீடுகளில் குடியேறினர். மின்சாரம் 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே வந்தது. குடிநீர் பேத்தமங்களாவிலிருந்து குழாய் வழியே வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த ஏரியின் நீரை ஏற்றி, வடிகட்டி, தங்கவயலுக்கு அனுப்பும் நிலையம் அமைந்துவிட்டது. காவிரியின் மின்சாரமும் பாலாற்றின் நீரும் கூடிய இடத்தில் தங்கம் பிறந்தது எனலாம்.

பெரியவரின் தாய் அந்நீரைப் 'பேத்தமங்களாத் தண்ணீர்' என்றே சொல்வார். குழாயடி வரிசையில் நின்று பிடித்துவந்த நீரைச் செம்புக் குடத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியால் வாய் கட்டி, வீட்டின் இருண்ட மூலையில் வைப்பார். ஊரிலிருந்து வரும் உறவினருக்கு முதலில் ஒரு சொம்பு தந்து, "நம் ஆற்றுத் தண்ணீர்தான், குடியுங்கள்" என்பார்.

அவர் 'நம் ஆறு' என்றதற்குக் காரணம் உண்டு. அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையிலிருந்த சிற்றூர்களில். பாலாற்றின் நீளம் 348 கிலோமீட்டர். அதில் கருநாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, எஞ்சிய 222 கிலோமீட்டரும் தமிழ்நாட்டில். வட ஆர்க்காட்டிலிருந்து தங்கவயலுக்குச் சென்ற பலர் தம் ஊர் ஆற்றின் எதிர்த்திசையில், அது வரும் இடத்தை நோக்கிச் சென்றவர்கள். அதனை அவர்கள் அறிந்திருந்தார்களா என்பது வேறு. பெரியவரின் தாய் அறிந்திருந்தார்.

பெரியவரின் தமையனும் அறிந்திருந்தார். குடும்பம் தங்கவயலுக்குப் பெயர்ந்தபோது, மூத்த மகனைப் பாட்டனாரிடம் விட்டுவிட்டு வந்தனர். அவர் அங்கேயே வளர்ந்து, இரண்டு ஏக்கர் நிலத்தையும் ஒரு கிணற்றையும் நம்பி வாழ்ந்தார். பாலாறு மணலாறு. மேலே நீர் ஓடாத நாள்களிலும் மணலுக்கு அடியில் ஊற்று இருக்கும். கரையோரக் கிணறுகளுக்கு அதுவே உயிர். ஆற்றில் வெள்ளம் வராத ஆண்டுகள் அடுக்கடுக்காக வந்தபோது அந்த ஊற்றும் கீழிறங்கியது. மணலை வண்டி வண்டியாக அள்ளிச் சென்றனர். எஞ்சிய நீரில் தோல் பதனிடும் தொழிலின் கழிவு கலந்தது. வேலூர் மாவட்டத்துத் தோல் கழிவு பற்றிய வழக்கில், மாசு செய்தவரே இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த ஆண்டில் தமையனின் கிணற்று நீர் மாடு குடிக்க மறுக்கும் அளவுக்கு உவர்த்திருந்தது.

அக்காலத்தில் உறவினர் திருமணம் ஒன்று ஆம்பூரில் நடந்தது. பந்தியில் அருகருகே அமர்ந்திருந்தபோது தமையன் இலையிலிருந்து தலைநிமிராமல் சொன்னார்: "எங்கள் ஆற்றை அங்கே தேக்கி வைத்துக் குடிக்கிறீர்கள். நீங்கள் குடித்த மிச்சமாவது வருகிறதா?"

பெரியவர் மறுமொழி சொல்லவில்லை. பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டார். அதன்பின் பல ஆண்டுகள் அவர் ஊருக்குப் போகவில்லை.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த மாதம் தங்கவயல் வீட்டுக்கு இரண்டு மூட்டை அரிசி வந்து இறங்கியது. உடன் கடிதம் எதுவும் இல்லை. மூட்டையின் வாயைத் தைத்திருந்த முறையைப் பார்த்தே பெரியவர் யார் அனுப்பியது என்று அறிந்தார். அவரும் கடிதம் எழுதவில்லை. சில குடும்பங்களில் அன்பு அரிசியாகத்தான் வரும், சொல்லாக வருவதில்லை.

பரிசல் ஏரியின் நடுப்பகுதியைக் கடந்தது. முக்குளிப்பான் ஒன்று பரிசலுக்கு முன்னே அமிழ்ந்து, எதிர்பாராத பக்கத்தில் தலைநீட்டியது. நீரில் பாதி மூழ்கிய கருவேல மரங்களின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. இளைஞர் தாம் கட்டிய வலையின் மிதவைகளைக் காட்டினார். கட்லா இவ்வாண்டு நன்றாகக் கிடைக்கிறதாம்.

நண்பர் கரைப்பக்கம் கை நீட்டினார். "அதோ, அளவுகோல். காலையில் வேலைக்கு வந்ததும் முதல் வேலை அதைப் பார்த்து ஏட்டில் எழுதுவது. எத்தனை ஆண்டு எழுதினேன், அண்ணா! சில ஆண்டுகளில் எழுதவே வெட்கமாக இருக்கும்."

"என் அண்ணன் கேட்டதை உன்னிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா?"

"சொல்லியிருக்கிறீர்கள். ஏரியே நிறையாத ஆண்டில் யாருக்கு யார் தடை? எங்களுக்கும் மேலே ஏரிகள் இருக்கின்றன. கோலார் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் ஏரி. அவை நிறைந்த பிறகுதான் இங்கு நீர் வரும். நாங்களும் மேலே பார்த்துக் குறைசொன்னவர்கள்தாம்."

"அண்ணனுக்கு உன் அளவேடு தெரியாது. அவருக்குத் தெரிந்தது மணல்" என்றார் பெரியவர்.

நண்பர் சொன்னதில் உண்மை இருந்தது. இந்த ஏரி சுரங்கத்திற்காகவோ நகரத்திற்காகவோ வெட்டப்பட்டதன்று. ஊரின் பழம்பெயர் விசயாதித்தமங்கலம். பத்தாம் நூற்றாண்டில் நுளம்ப மன்னன் ஒருவன் இதன் உடைப்பைச் செப்பனிட்டதையும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் போசளர் காலத்தில் இது மீண்டும் செப்பனிடப்பட்டதையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. 1892இல் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் ஆறுகளைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதில் பாலாறும் இடம்பெற்றது. சென்னையின் இசைவின்றி மைசூர் புதிய நீர்த்தேக்கம் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். அப்போதே பேத்தமங்களா ஏரி மிகப் பழையது.

ஆயினும் தமையன் சொன்னது பொய்யென்று ஆகிவிடாது. கீழே இருப்பவனுக்கு மேலே இருப்பவனின் அணை எவ்வளவு பழையது என்பது ஒரு விடையாகாது. இரு தரப்பிலும் உண்மை இருந்தது. அதனால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு வலித்தது. முழுப்பொய்யாக இருந்திருந்தால் பெரியவர் பாயசம் குடித்துவிட்டே எழுந்திருப்பார்.

"இப்போது ஒரு வேடிக்கை கேளுங்கள்" என்று நண்பர் பேச்சை மாற்றினார். "பெங்களூருவில் பயன்படுத்திய கழிவுநீரைத் தூய்மைசெய்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் மகன் அங்கேதானே வேலை பார்க்கிறான்? அவன் கைகழுவிய தண்ணீர் நம் மாவட்டத்துக்கே திரும்பி வருகிறது."

"காலை ஐந்து மணித் தொடர்வண்டியில் போகிறவன், இரவு ஒன்பதுக்கு வீடு திரும்புகிறான். அவனுக்கு முன்னால் தண்ணீர் வந்துவிடுகிறது" என்று பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க நேரமாயிற்று. பாறைத்தூள் படிந்த நுரையீரல். அவரைப் போன்ற பலருக்கும் உள்ளது. இளைஞர் துடுப்பை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். பரிசல் ஒருமுறை தன்னைச் சுற்றி நின்றது.

ஏரியின் மேல்முனையில் நீர்ப்பரப்பு சுருங்கி, ஆறு உள்ளே வரும் இடம் ஒரு வாய்க்கால் போலக் குறுகியிருந்தது. இருபுறமும் சம்பங்கோரை ஆளுயரம் நின்றது. இரண்டு பரிசல்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கவேண்டும். கிளை ஒன்று தாழ்ந்திருந்த இடத்தில் பெரியவர் சட்டெனக் குனிந்தார். அவருடைய வலக்கை நெற்றிக்குச் சென்று, அங்கு இல்லாத விளக்கைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அவரே அதை உணர்ந்து கையைக் கீழே இறக்கினார். நண்பர் பார்த்தும் பாராதவர்போல் இருந்தார்.

நீர் தெளிந்திருந்தது. கோரைத் தண்டுகளின் அடியில் சிறுமீன்கள் கூட்டமாகத் திரும்பின. துடுப்பின் ஒலியைத் தவிர வேறொலி இல்லை.

இத்தகைய குறுகிய நீர்வழிகளில் படகில் செல்வது உலகின் வேறு நாடுகளிலும் உண்டு. இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் ஏழடி அகலமே உள்ள நெடும்படகுகள் நிலக்கரியையும் பீங்கானையும் ஏற்றிச் சென்றன. கரையில் குதிரை நடக்க, கயிற்றில் கட்டிய படகு பின்தொடரும். இன்று அப்படகுகளில் மக்கள் விடுமுறையைக் கழிக்கின்றனர். தமிழ்நாட்டிலும் அத்தகைய நீர்வழி ஒன்று இருந்தது. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806இல் வெட்டத் தொடங்கிய கால்வாய், பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிலவிய கொடும்பஞ்சத்தில், பசித்த மக்களுக்குக் கூலி தரும் வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. நெல்லும் விறகும் உப்பும் தோணிகளில் சென்னைக்கு வந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்களுக்குப் பின் அதில் போக்குவரத்துத் தளர்ந்துவிட்டது.

பெரியவருக்கு அக்கால்வாய் பள்ளிப் பாடத்தின் வழியே தெரியும். 1934இல் பாரதிதாசன் தம் தோழர்களுடன் நிலவொளியில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குத் தோணியில் சென்றார். அப்பயணம் 'மாவலிபுரச் செலவு' என்னும் பாடலாயிற்று.

"பள்ளியில் ஐயா அந்தப் பாடலைச் சொல்லிக்கொடுத்தபோது நீ என் பக்கத்தில் இருந்தாய்" என்றார் பெரியவர்.

"எனக்கு அது கன்னட வகுப்பு நேரம். சன்னல் வழியாகக் கேட்டேன்."

"அந்தக் கால்வாய் எங்கே நம் ஆற்றைச் சந்திக்கிறது, தெரியுமா? பாலாறு கடலில் சேரும் இடத்தில். வயலூர் என்று ஊர்; கல்பாக்கத்துக்குப் பக்கம். மகனின் கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்தேன். விரலால் இங்கிருந்து தள்ளிக்கொண்டே போனேன்."

"அப்படியானால் இந்தப் பரிசலை அப்படியே விட்டால்?"

அவர்கள் இருவரும் சிறுவர்களைப் போல அந்தப் பயணத்தைப் பேசத் தொடங்கினர். கோடியைத் தாண்டவேண்டும், பரிசலைத் தலையில் சுமந்து இறங்கலாம். அடுத்து ராமசாகர ஏரி. பிறகு ஆந்திர எல்லை. அங்குத் தடுப்பணைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறவேண்டும். பிறகு வாணியம்பாடி. 1903 நவம்பரில் இதே ஆறு பெருக்கெடுத்து அவ்வூரை அழித்தது, பலர் மாண்டனர். கீழே இருப்பவர்கள் நீர் வரவில்லை என்று மட்டுமன்றி, வந்ததற்காகவும் அழுதிருக்கிறார்கள். ஆம்பூர். அங்கே ஒருவேளை உணவு. பிரியாணிக்கு நண்பர் மறுப்புச் சொல்லவில்லை. வேலூர்ப் பாலத்தின் கீழ் மணலில் பரிசலை இழுக்கவேண்டியிருக்கும். வாலாஜா அருகே அணைக்கட்டு; அங்கிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கால் பிரிகிறது; வழி தவறக்கூடாது. காஞ்சிபுரத்தை இடப்புறம் விட்டு, செங்கற்பட்டைக் கடந்து, வயலூர். அங்கே கால்வாயில் திரும்பினால் வடக்கே மாமல்லபுரம்.

"எத்தனை நாள் ஆகும்?" என்று இளைஞர் கேட்டார். அவர் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு ஓடினால் பத்து நாள். ஓடாவிட்டால் ஓர் ஆயுள்" என்றார் நண்பர்.

"ஆம்பூருக்கு முன்பே நான் இறங்கிக்கொள்வேன்" என்றார் பெரியவர்.

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இளைஞர் பரிசலைத் திருப்பினார்.

திரும்பும்போது காற்று எதிர்த்தது. துடுப்பு போடும் வேகம் கூடியும் கரை நெருங்கவில்லை. நண்பர் இரண்டாவது துடுப்பை வாங்கித் தாமும் இட்டார். எழுபதை எட்டப்போகும் தோள்கள். ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிட்டார். பெரியவர் தம் துண்டை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தார். சுரங்கத்தில் கூண்டு மேலே வந்ததும் தொழிலாளர் ஒருவருக்கொருவர் செய்துகொள்வது அது.

கோடிக்கு அருகில் பரிசலைக் கொண்டுசெல்ல இளைஞர் இசையவில்லை. வழியும் நீரின் இழுப்பு மேலே தெரியாது என்றார். எனவே கரையில் இறங்கி, ஏரிக்கரை மேல் நடந்து சென்றனர். பெரியவர் மூன்றிடங்களில் நின்று மூச்சு வாங்கினார்.

நவம்பரில் அங்கு நீர் ஆளுயரம் பாய்ந்ததாம். பார்ப்பதற்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து மக்கள் திரண்டு வந்தனராம். சிலர் மஞ்சளும் குங்குமமும் பூவும் இட்டு நீரை வணங்கினராம். இப்போது கலங்கலின் கற்கள்மீது ஒரு சாண் உயரத்தில் நீர் சீராக வழிந்துகொண்டிருந்தது. கீழே பாறைகளில் விழுந்து, நுரைத்து, முட்புதர்களுக்கிடையே வளைந்து, கண்ணுக்கு எட்டும்வரை ஓடியது. பெரியவர் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர் அந்நீரைக் குழாயிலிருந்து கண்டவர். அது போகும் வழியை அன்றுதான் கண்டார்.

நவம்பர் மாதத்து இரவொன்றில் தமையன் தொலைபேசியில் அழைத்திருந்தார். எண்ணை யாரிடம் பெற்றார் என்பது தெரியவில்லை. "ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது" என்றார். இரண்டு கரையும் தொட்டு வருகிறது என்றார். பாலத்தில் நின்று பார்க்கப் பேரன் அழைத்துச் சென்றான் என்றார். வேறெதுவும் பேசாமல் வைத்துவிட்டார். பெரியவரும் அதன்பின் அழைக்கவில்லை. என்ன சொல்வது என்று எண்ணிக்கொண்டே இரண்டு மாதம் கழிந்திருந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். நண்பர் சற்று விலகி நின்றார்.

"அண்ணா, நான்தான். பேத்தமங்களா ஏரியில் நிற்கிறேன். கோடியில்."

மறுமுனையில் என்ன கேட்கப்பட்டதோ, பெரியவர் கைப்பேசியை நீரின் பக்கம் நீட்டிச் சிறிதுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மீண்டும் காதில் வைத்தார்.

"ஒரு சாண் போகிறது... ஆமாம், இன்றைக்கும்... இரு, கேட்டுச் சொல்கிறேன்." நண்பரைப் பார்த்தார். "இன்னும் எத்தனை நாள் இப்படிப் போகும் என்று அண்ணன் கேட்கிறார்."

நண்பர் உடனே விடை சொல்லவில்லை. கலங்கலின் ஓரக்கல் வரை இறங்கிச் சென்றார். நீர் தொடும் கோட்டையும் அதற்குமேல் உலர்ந்திருந்த பாசிக் கோட்டையும் பார்த்தார். விரலால் அளந்தார். ஓய்வுபெற்ற பின்னும் அவருடைய கை ஏட்டைத் தேடுவதுபோல் இருந்தது.

"மழை இல்லையென்றால் பத்து நாள். அதன்பின் கசியும். கிணற்றுக்கு இன்னும் மூன்று மாதம் கவலை இல்லை என்று சொல்லுங்கள்."

"பத்து நாள் என்கிறான். கிணற்றுக்குக் கவலை இல்லையாம்... யாரா? இங்கே அளவேடு எழுதியவன்... ஆமாம், என்னோடு படித்தவன்... சரி... சரி..." பெரியவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மூச்சு நீரின் ஒலியில் கேட்கவில்லை.

பேசி முடித்தபின் கைப்பேசியைப் பையில் இட்டார்.

"கிணறு பாதிக்குமேல் நிறைந்திருக்கிறதாம். நவரைக்கு நாற்று விட்டிருக்கிறார். நடவுக்கு வரச் சொல்கிறார்."

"போவீர்களா?"

"உன்னையும் அழைத்துவரச் சொன்னார். அளவேட்டுக்காரனைப் பார்க்கவேண்டுமாம்."

"திட்டுவதற்கா?"

"அதுவும் இருக்கலாம்" என்றார் பெரியவர்.

கரைக்குத் திரும்பியபோது இளைஞர் வலையை எடுத்து முடித்திருந்தார். பரிசலுக்குக் கூலி வேண்டாமென்றார். இரண்டு கிலோ கட்லாவுக்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார். அதிலும் நண்பர் பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்தார். மீனைத் தாமரை இலையில் சுற்றிப் பையிலிட்டு, ஐந்தரை மணிப் பேருந்தில் பெரியவரைச் சன்னலோர இருக்கையில் அமர்த்தினார். பேருந்து ஏரிக்கரை வளைவில் திரும்பும்வரை பையின் அடியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நடத்துநர் கடிந்துகொண்டார். பெரியவர் பையை எடுத்துத் தம் மடிமீது வைத்துக்கொண்டார்.